ராக்கெட்டின் பச்சை இறக்கைகள்

1. டிராயிங் வராத வேலை

எங்கள் கம்பெனிக்கு எந்த வேலை வந்தாலும் கூடவே டிராயிங் வரும். தண்ணீர் டேங்க், குடோனுக்குக் கூரை, மில்லுக்குக் கன்வேயர் சட்டம், எதுவானாலும் சரி. டிராயிங்கைப் பார்த்து வெட்டுவோம், வளைப்போம், வெல்டிங் போடுவோம், பெயின்ட் அடித்து லாரியில் ஏற்றுவோம். ராக்கெட்டுக்கு மட்டும் டிராயிங் வரவில்லை. ஒரு படம்தான் வந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள், "அக்கா, நீங்க எப்படி டிசைனுக்குப் போனீங்க?" என்று என்னிடம் கேட்பதுண்டு. ராக்கெட்டில் போனேன் என்று சொன்னால் கிண்டல் பண்ணுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தீம் பார்க் இருக்கிறது. அதில் ஒரு காலத்தில் 'வருங்கால உலகம்' என்று ஒரு பகுதி இருந்தது. பறக்கும் தட்டு, பேசும் ரோபோ, வானத்தில் ஓடும் ரயில், நடுவில் ஆளுயரத்தைப்போல் பல மடங்கு உயரமான ராக்கெட். அதன் கழுத்திலிருந்து நாலா பக்கமும் இரும்புக் கைகள் நீண்டிருக்கும். ஒவ்வொரு கையிலும் ஒரு சின்ன விண்கலம் தொங்கும். அதில் நான்கு பேர் உட்காரலாம். கைகள் சுற்றச் சுற்ற விண்கலங்கள் வெளிப்பக்கம் விரிந்து பறக்கும். பிறகு எல்லோரும் தண்ணீரில் விளையாடத்தான் வருகிறார்கள் என்று தெரிந்ததும் பார்க்காரர்கள் வருங்காலத்தை இடித்துவிட்டு அலைக்குளம் கட்டினார்கள். ராக்கெட் எடைக்குப் போனது. எங்கள் ஏரியாவில் ரீரோலிங் மில்களுக்குக் குறைவில்லை. அந்த ராக்கெட் உருகிக் கம்பியாகி இப்போது பொன்னேரியில் யார் வீட்டு மொட்டைமாடியையோ தாங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது என்னவென்றால், ஜனங்கள் பழைய ஃபோட்டோக்களை எடுத்து ஃபோனில் போட ஆரம்பித்தார்கள். 'நாங்க சின்ன வயசுல ஏறின ராக்கெட்', 'இதெல்லாம் திரும்பி வராதா' என்று ஒரே ஏக்கம். பார்க்கை இப்போது பார்த்துக்கொள்வது அதன் முதலாளியின் மகன் ரித்விக். அவருக்கு யோசனை வந்தது: வருங்காலத்தைத் திரும்பவும் கட்டிவிடலாம். முதலில் ராக்கெட், அது சரியாக வந்தால் மற்றவை.

ராக்கெட் உடம்பும் விண்கலங்களும் செய்யும் ஆர்டர் எங்கள் முதலாளி பாபு சாருக்குக் கிடைத்தது. சுற்றும் மெஷின் வேறு கம்பெனி.

பாபு சார் எல்லையோரத்துக்காரர். பேசுவது தமிழ்தான், ஆனால் சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் கூடவே ஒரு 'நைனா' வந்துவிடும். அதுவரை டிராயிங் வேலையை அவர் வெளியே அம்பத்தூரில் ஒருவரிடம் கொடுத்து வாங்குவார். நான் குவாலிட்டியில் இருந்தேன். அடுத்தவர் போட்ட டிராயிங்கை வைத்துக்கொண்டு, வந்த பீஸை டேப்பால் அளந்து சரி, தப்பு சொல்லும் வேலை.

டிராயிங்கின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டம். முதல் கட்டத்தில் என் பெயர் வர வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பாவுக்குப் பொன்னேரிப் பக்கம் சொந்த நிலம், நெல் விவசாயம். நிலத்துப் பத்திரம் முழுக்க அவருடைய கட்டைவிரல்தான். நான் டிப்ளமோ முடித்தேன், சாஃப்ட்வேரும் கற்றுக்கொண்டேன். பிறகும் அந்தக் கட்டத்தில் அம்பத்தூர்க்காரர் பெயரையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் கேட்டேன். அம்பத்தூர்க்காரருக்கு அப்போது கை நிறைய வேலை இருந்ததால் பாபு சார் இறங்கி வந்தார்.

"சரிம்மா சங்கீதா, இத்த நீயே போடு. ஒழுங்கா போச்சின்னா பார்க்கோட மத்த ரைடும் உனுக்குதான். கோணையாச்சின்னா, டேப்ப எடுத்துக்கினு பழைய எடத்துக்கே போயிடணும். அப்பால டிராயிங் டிராயிங்குன்னு என்னைப் பேஜாரு பண்ணக் கூடாது. இன்னா?"

"சரி சார்," என்றேன்.

2. இறக்கை இடிக்கிறது

பார்க்கிலிருந்து வந்த படத்தை ஒரு விளம்பர ஏஜென்சி செய்திருந்தது. ஜனங்கள் அனுப்பிய மங்கிய ஃபோட்டோக்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, முன்னால் நின்ற மனிதர்களை அழித்துவிட்டு, ராக்கெட்டை மட்டும் பளபளவென்று தெளிவாக்கி எடுத்திருந்தார்கள். அழகான படம். வெள்ளி நிற உடம்பு. மூக்குக்குக் கீழே குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டைகள். நடுவில் மஞ்சள் வளையத்துக்குள் சிவப்பு விளக்கு. இரண்டு பக்கமும் அடியிலிருந்து எழும்பி வெளியே வளையும் பெரிய பச்சை இறக்கைகள். இறக்கையின் ஓரம் நேராக இல்லை, பல் பல்லாகக் கிழித்துவிட்ட மாதிரி இருந்தது. ரிவெட் ஆணி அடித்த புள்ளிகள்கூடத் தெரிந்தன. ராக்கெட்டின் எதிரே தரையில் சிவப்பாகச் சிதறிக் கிடந்ததற்கு 'லாவா எஃபெக்ட், எல்.இ.டி.' என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

படத்தைப் பார்த்து நான் டிராயிங் போட்டேன். ரித்விக் பார்த்து ஓகே சொன்னார். வேலை ஒர்க் ஷாப்புக்குப் போனது.

ஷாப்பில் சீனியர் ஃபிட்டர் ஏழுமலை அண்ணன். மீஞ்சூர்க்காரர். நான் குவாலிட்டியில் இருந்தவரை என்னைப் பாப்பா என்பார். டிராயிங்குக்குப் போனதும் இன்ஜினியரம்மா ஆக்கிவிட்டார். மரியாதைக்காக இல்லை.

"இன்ஜினியரம்மா, இங்க வா. இந்த இறக்கைக்கு இன்னாத்துக்கு இத்தினி பல்லு? ஒண்ணு வெட்டி முடிக்கிறதுக்குள்ள என் கை கழண்டுடுச்சி."

"ஏரோடைனமிக்னு போட்டிருக்காங்க அண்ணா. காத்தக் கிழிச்சிக்கினு போறதுக்கு."

"ராக்கெட்டு எங்க போவுது? அது நின்ன எடத்துலயேதான நிக்கிது?"

நான் அங்கிருந்து நழுவினேன். பெயின்ட் ஷாப் காதர் பாய் மஞ்சள் வளையத்துக்குக் கலர் தேடிக்கொண்டிருந்தார். படத்தையும் ஷேடு கார்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது லெமன் இல்லமா, கோல்டன் எல்லோவும் இல்ல. அப்படியே சாண்டல் ஷேடு," என்று சொல்லி டின்னைத் திறந்தார்.

இரண்டு இறக்கைகளும் வளைத்து முடிந்த நாளில்தான் நான் விண்கலங்களின் அசெம்ப்ளியைக் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்த்தேன். சுற்றும்போது பிரச்சினை இல்லை. வெளியே விரிந்து போய்விடுகின்றன. ஆனால் சுற்று நிற்கும்போது விண்கலங்கள் உள்ளே இறங்கும். இறங்கினால் நேராக இறக்கையின் நுனியில் வந்து இடிக்கின்றன. அதுவும் லேசாக அல்ல. உள்ளே இருப்பவரின் முழங்கால் வரை இறக்கை போகிறது.

டிராயிங்கை ஏழு தடவை சரிபார்த்தேன் என்று எழுதினால் பெருமையாக இருக்கும். உண்மையில் பார்க்கப் பார்க்கப் பயம் அதிகமானதால் மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ஏழுமலை அண்ணனிடம் சொன்னேன். அவர் சாக்பீஸால் தரையிலேயே வட்டம் போட்டுப் பார்த்தார். இடித்தது.

"பழைய ஆளுங்க எப்டிமா ஓட்னாங்க? ஒவ்வொரு சுத்துக்கும் ஒருத்தனுக்குக் காலு போயிருக்கணுமே?"

நான் ரித்விக்குக்கு ஃபோன் செய்தேன். "மேடம், பழசுல இடிக்கலையே? ஆக்சுவலா பழசு மாதிரியே பண்ணுங்க, சரியா வரும்," என்றார். பழசு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் ஏஜென்சி சுத்தம் பண்ணாத அசல் ஃபோட்டோக்கள் வேண்டும் என்றேன். அன்று சாயங்காலம் என் ஃபோன் நிரம்பியது.

3. பெரியப்பாக்களும் செங்கல்லும்

ராக்கெட் ஃபோட்டோ என்று வந்தவற்றில் ராக்கெட் குறைவு, பெரியப்பாக்கள் அதிகம். எல்லாக் குடும்பமும் ராக்கெட்டுக்கு நேர் முன்னால், தோளோடு தோள் ஒட்டி, ஒரு இடுக்கும் விடாமல் நின்றிருந்தது. இடுப்பில் கை வைத்த பெரியப்பா நடுவில். அவர் தலையிலிருந்து ராக்கெட்டின் மூக்கு கொம்பு மாதிரி கிளம்பியது. அளக்க வேண்டிய அடிப்பாகம் முழுக்கப் புடவைக்கும் பேன்டுக்கும் பின்னால். தோள்களுக்கு மேலே இரண்டு பக்கமும் பச்சையாக ஏதோ வளைவு. படங்கள் எல்லாம் ஆரஞ்சு நிறமாக மங்கியிருந்தன.

ஒரு படத்தில் மட்டும் ஒரு குழந்தை உட்கார்ந்துவிட்டதால் ராக்கெட் நிற்கும் மேடை கொஞ்சம் தெரிந்தது. பூச்சு உதிர்ந்து செங்கல் வெளியே வந்திருந்தது. செங்கல் எந்த ஊரிலும் ஒன்பது அங்குலம். அதை வைத்து மேடையின் உயரம், அதை வைத்து ராக்கெட்டின் அகலம், எல்லாம் கணக்குப் போட்டேன். என் டிராயிங் சரி. ராக்கெட்டின் அளவும் சரி, கைகளின் நீளமும் சரி. அப்படியானால் விண்கலம் இறக்கையில் இடித்தே ஆக வேண்டும். ஆனால் ஃபோட்டோவில் விண்கலங்கள் நிற்கின்றன, உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முழுக் காலோடு சிரிக்கிறார்கள்.

நாஷ்டா நேரத்தில் நான் ஃபோனையே முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அட, இந்த ராக்கெட்டா? இதுங்கிட்ட நின்னு எட்த ஃபோட்டோ எங்கூட்லயும் கீதே. கல்யாணம் ஆன புதுசுல போனோம்."

"என்கிட்டயும் இருக்கு," என்றார் காதர் பாய். அவர் குடும்பம் பழவேற்காட்டில் ஜவுளி வியாபாரம். "அத்தா, சித்தப்பா, பசங்க எல்லாம் வேன் பிடிச்சுப் போனோம்."

அடுத்த நாள் இருவரும் ஃபோட்டோக்களைக் கொண்டுவந்தார்கள்.

4. இரும்பு வாடுமா?

காதர் பாயின் படத்தை முதலில் பார்த்தேன். அவருடைய குடும்பத்தில் நிறையப் பேர். ஆனால் பாதிப் பேர் பிரியாணி டப்பாவோடு ஓரமாக உட்கார்ந்திருந்ததால் ராக்கெட் கால் முதல் தலை வரை தெரிந்தது. நான் பார்த்த முதல் முழு ராக்கெட் அதுதான்.

அதில் இறக்கை இல்லை.

சிவப்பு விளக்கு இல்லை, மஞ்சள் வளையம் இல்லை, வெள்ளைப் பட்டை இல்லை. எதிரே தரை சாதாரண சிமென்ட் தரை. ராக்கெட் மொட்டையாக நின்றது. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் கொக்கிகள் மட்டும் இருந்தன.

"பாய், இது வேற ராக்கெட்டா?"

"ஒண்ணுதாம்மா இருந்துச்சு. நான் ஏறி வாந்தி எடுத்தேன், மறக்குமா?"

பார்க்காரர்கள் பிறகு இறக்கை மாட்டியிருப்பார்கள், அதற்குத்தான் கொக்கி என்று நினைத்தேன். ஆனால் அவ்வளவு பெரிய இறக்கையை அந்தச் சின்னக் கொக்கி தாங்காது. மூன்று எம்.எம். ஷீட். கொக்கி பிய்ந்து வந்துவிடும்.

ஏழுமலை அண்ணன் தன் படத்தை மடித்த துணிக்குள்ளிருந்து எடுத்தார். கூலிங் கிளாஸ், பூப்போட்ட சட்டை, பக்கத்தில் வெட்கப்படும் அண்ணி. காதர் பாய் எட்டிப் பார்த்து, "யாரு இந்த ஹீரோ?" என்றார். "மூடு பாய். மீச அப்பதான் வந்துக்கினு இருந்துச்சி," என்றார் அண்ணன்.

அந்தப் படத்தில் இறக்கை இருந்தது. ஆனால் விறைப்பாக இல்லை. பாதியில் மடங்கித் தொங்கியது. ஓரமெல்லாம் பழுப்பு.

"அன்னிக்கு மெயின்டெனன்ஸ் சரியில்ல போல," என்றார் அண்ணன். "இறக்க தொங்கிக்கினு கீது பாரு."

"ஷீட் எப்படிண்ணா தொங்கும்?"

"வெயிலு ஜாஸ்தி. வாடியிருக்கும்."

சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணா, எந்த லீவுக்குப் போனீங்க?"

"ஆயுத பூஜ முடிஞ்சி வந்த ஞாயித்துக்கெயம."

"பாய், நீங்க?"

"ரம்ஜான் முடிஞ்ச மறுநாள்."

ஃபோனில் இருந்த மற்ற எல்லாப் படங்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். குடும்பம் குடும்பமாகப் பார்க்குக்குப் போவது எப்போது? நம் பக்கத்தில் பூஜை லீவில்தான். ஆயுத பூஜைக்குப் பார்க்கில் இருக்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, விபூதியில் பட்டை போட்டு, இரண்டு பக்கமும் கட்டுவது என்ன?

"வாழமரம்," என்றார் ஏழுமலை அண்ணன், மெதுவாக. "நான் ரெண்டு வாரமா குந்திக்கினு இரும்புல வாழஎல வெட்டியிருக்கேன்."

காதர் பாய் கையில் இருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். "அதான் சாண்டல் ஷேடு," என்றார்.

"அப்ப அந்த லாவா?" என்று நான் கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய்.

விண்கலம் ஏன் இடிக்கவில்லை என்பதும் புரிந்தது. இடித்துக்கொண்டுதான் இருந்தது. இலை ஒதுங்கிக்கொண்டது. அவ்வளவு கூட்டம் முன்னால் நிற்க, தோளுக்கு மேலே தெரிந்த இலையை ஏஜென்சியின் கம்ப்யூட்டர் இறக்கை என்று எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கு ரிவெட்டும் அடித்துக் கொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே வாழை நிற்கிறது. ஆனால் வாழைக்கு ரிவெட் அடித்து நான் பார்த்ததில்லை.

5. டிக்கெட் வாங்கியவர்கள்

பாபு சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். அரை நிமிடம் கழித்து நிறுத்தினார்.

"அவங்க பார்த்து ஓகே பண்ண டிராயிங்குதான இது?"

"ஆமா சார்."

"அப்ப அவங்க வாழமரம் கேட்டாங்க, நாம வாழமரம் செஞ்சோம். முடிஞ்சிது. இடிக்கிற நுனிய மட்டும் வெட்டிட்டு அனுப்பு. இதப்போய் அவங்க கைல சொன்னா, இன்னாடா எங்கள முட்டாளாக்கறியான்னு ஆர்டரத் தூக்கிக்கினு வேற எடம் போயிடுவாங்க. நைனா, பறக்கும் தட்டு கீது, ரோபோ கீது, ரயிலு கீது. எல்லாம் போயிடும். உன் சீட்டும் போயிடும். புரிஞ்சிதா?"

புரிந்தது. ஆனால் நுனியை வெட்டிய இறக்கைக்குத் திருத்திய டிராயிங் நான்தான் போட வேண்டும். என் பெயர் போட்டு வெளியே போகும் முதல் டிராயிங்கில், தெரிந்தே, ஒரு இரும்பு வாழைமரம் இருக்கும். அன்று ரயிலில் பொன்னேரி வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது, சீட் போனாலும் சரி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். காலையில் எழுந்ததும் சீட் போனால் சரியில்லை என்று தோன்றியது. இப்படியே இரண்டு நாள் போனது.

ரித்விக் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். ராக்கெட்டைப் படுக்க வைத்திருந்தோம். இறக்கைகள் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தன. அவர் நேராக இறக்கையிடம் போய்த் தடவிப் பார்த்தார்.

"சூப்பர் அங்கிள்! இந்த ஃபின்ஸ்தான் நம்ம சிக்னேச்சர். டிஷர்ட்ல எல்லாம் இதத்தான் பிரின்ட் போடப் போறோம்."

பாபு சார் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வாயை மூடச் சொன்னார்.

"சார், இது ஃபின் இல்ல," என்றேன். "வாழைமரம்."

ரித்விக் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பாபு சாரைப் பார்த்தார். பாபு சார் கூரையைப் பார்த்தார். நான் இரண்டு ஃபோட்டோக்களையும் எடுத்து மேஜைமேல் வைத்து, தொங்கும் இலை, மொட்டை ராக்கெட், கொக்கி, செங்கல் கணக்கு, முழங்கால் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

ரித்விக் தன் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டார். பார்க்கைக் கட்டிய பெரியவர். ஃபோனைத் திருப்பி இறக்கைகளைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெருங்கி வந்தார்.

"இன்னாடா இது, இரும்புல வாழமரம் செஞ்சி வச்சிருக்க?"

"அப்பா, இது நம்ம ராக்கெட்டோட ஃபின்ஸ் இல்லையா?"

"ராக்கெட்டுக்கு ஏதுடா ஃபின்ஸு? பூஜைக்குப் பூஜை மரம் கட்டுவோம். அதுக்குன்னு கொக்கி வச்சேன்."

"தரையில அந்த சிவப்பு லாவா?"

"பூசணிக்கா ஒடப்பாங்க. நீகூட வழுக்கி வுழுந்து அழுதியே."

பின்னால் கிரைண்டிங் சத்தம் நின்றுவிட்டது. ஷாப்பில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரித்விக் ஃபோனை வைத்துவிட்டு, "லாவாக்கு எல்.இ.டி. வாங்கிட்டேன் அங்கிள்," என்றார்.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவரே தொடர்ந்தார். "இருந்தாலும் மேடம், ஜனங்க ஞாபகத்துல இது பச்சை இறக்கையோடதான இருக்கு? வாழைமரமோ எதுவோ, அவங்க நினைக்கிறதக் கட்டிக் குடுக்கறதுதான நம்ம வேலை? இறக்கை இல்லாத ராக்கெட்ட யாருக்கு ஞாபகம் இருக்கு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பெயின்ட் கறையோடு ஓரமாக நின்ற காதர் பாய்தான் அதற்குப் பதில் சொன்னார்.

"எங்களுக்கு இருக்கு தம்பி. நாங்களும் டிக்கெட் வாங்கித்தான் வந்தோம்."

ரித்விக் அந்தப் படத்தை மறுபடி கையில் எடுத்தார். பிரியாணி டப்பாவோடு உட்கார்ந்திருப்பவர்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொக்கி வச்சா மரம் கட்டலாம். வேணாம்னா எடுத்துடலாம்," என்றேன் நான். "இடிச்சாலும் இலைதான். முழங்காலுக்கு ஒண்ணும் ஆகாது."

"வாடிப்போச்சின்னா?"

"புதுசு கட்டுங்க," என்றார் ஏழுமலை அண்ணன். "இரும்புன்னா துரு புடிக்கும். நீங்க எத வச்சாலும் ஏதோ ஒண்ணு பண்ணித்தான் ஆவணும்."

ரித்விக் தலையை ஆட்டிவிட்டு, கொக்கியோடு டிராயிங்கைத் திருத்தி அனுப்பச் சொன்னார். மற்ற ரைடுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறினார். பாபு சாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, ராக்கெட் லாரி ஏறும்வரை பேசவில்லை.

6. பொட்டு

ராக்கெட் போய்ச் சேர்ந்தது. நிற்க வைத்தார்கள், சுற்றினார்கள், யாருக்கும் கால் போகவில்லை. நான் ஒவ்வொரு நாளும் காலையில் வந்ததும், என் மேஜையில் யாராவது டேப்பை எடுத்து வைத்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. ஷாப்பைக் கழுவி, மெஷின்களைத் துடைத்து வரிசையாக வைத்தோம். மரம் வாங்க ஆள் அனுப்ப வேண்டாம் என்று பாபு சார் சொல்லிவிட்டார். இரண்டு இரும்பு இறக்கைகளையும் எடுத்துவரச் சொல்லி, தகடு வளைக்கும் பெண்டிங் மெஷினுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார்.

"வருசா வருசம் மரம் வாங்குற தொல்ல வுட்டுது நைனா. இது வாடாது."

"வாழத்தாரு எங்க சார்?" என்றார் ஏழுமலை அண்ணன்.

"அடுத்த வருசம் செஞ்சிக் குடு."

பாபு சாரே தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். இதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடகைக்கு எடுத்த சாமானுக்குப் பொட்டு வைக்க மாட்டார். வாடகைக் கிரேனைத் தாண்டிப் போனார். வாடகைக் கம்ப்ரசரைத் தாண்டிப் போனார். நம்ம சாமானுக்குத்தான் நாம வைக்கணும் என்பார்.

என் மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் ராக்கெட் வேலைக்காக மாத வாடகைக்கு எடுத்தது. தாண்டிப் போய்விடுவார் என்று நான் எழுந்து ஒதுங்கி நின்றேன். அவர் நின்றார். ஸ்கிரீனின் வலது கீழ் மூலையில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். சட்டத்தில் வைக்கப் போய்க் கண்ணாடியில் விழுந்தது.

"சார், இது வாடகை," என்றேன்.

"போன வாரமே வாங்கியாச்சி," என்றார். "பறக்கும் தட்டு ஃபோட்டோ அனுப்பியிருக்கான் அந்தப் பையன். ஊட்டுக்குப் போறதுக்குள்ள பாரு."

பார்ப்பதற்கு முன்னால் ரித்விக்குக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். ஒவ்வொரு படமும் எந்த மாதம், என்ன விசேஷத்துக்கு எடுத்தது என்று கேட்டு எழுதவும். இளையவர்களுக்கு நான் சொல்லும் பாடமும் இதுதான். ஃபோட்டோவில் தெரிவதெல்லாம் சாமான் ஆகாது. டேப்பை நீட்டுவதற்கு முன்னால், அன்றைக்கு என்ன நாள் என்று கேளுங்கள். ஒரே மாதிரி நாற்பது படம் இருந்தால், வேறு நாளில் வந்தவர்களின் ஒரு படத்தைத் தேடிப் பிடியுங்கள்.

பாடம் எனக்கு முழுசாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்கு அடுத்த வாரம் பறக்கும் தட்டின் டிராயிங்கை முடித்து, கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். எந்த ஹோல் இது, டயாமீட்டர் போடாமல் விட்டுவிட்டோமே என்று மவுஸை அங்கே கொண்டுபோய் விடாமல் கிளிக் பண்ணினேன். பெரிதாக்கினால் டிராயிங் பெரிதாகிறது, ஹோல் மட்டும் அப்படியே நிற்கிறது. பின்னால் நின்ற ஏழுமலை அண்ணன் ரொம்ப நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்ஜினியரம்மா, அது பொட்டு."

அதை நான் இன்றுவரை துடைக்கவில்லை. வரைந்தவர் கட்டத்தில் என் பெயர் வரும்போதெல்லாம் அது அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.